பனியில் நடந்தவர்கள்



இரயில்வேயில் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் நாம், ஒரு கட்டணக் கணக்கிலிருந்தே இப்பேச்சைத் தொடங்குகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, ஐரோப்பிய யூதர்களை நாஜிகளின் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ஜெர்மன் இரயில்வே, அதற்குக் கட்டணம் வசூலித்தது. ஏற்றியதோ சரக்கு வண்டியில். வாங்கியதோ மூன்றாம் வகுப்புக் கட்டணம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி. நான்கு வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். நானூறு பேருக்கு மேற்பட்டால் கூட்டச் சலுகையும் உண்டு! காவலர்களுக்குப் போகவர, மற்றவர்களுக்குப் போக மட்டும். அப்பட்டியல்களை எழுதியவர்களும் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களே.

ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் சுமார் 11 இலட்சம் பேர் மாண்டனர். வந்திறங்கியவர்களில் பெரும்பாலோர் உடனே நச்சுவாயுவுக்கு இரையாயினர். உழைக்கத் தக்கவர் எனப் பொறுக்கப்பட்டோரின் கையில் எண்ணைப் பச்சை குத்தினர். அவர்களுக்கு நீர்த்த கஞ்சியும் ஒரு துண்டு ரொட்டியுமே உணவு. ஆயினும் அங்கே ரொட்டிக்கு நிகரான பொருள் ஒன்று உண்டு, அது காலணி. பொருந்தாத மரச்செருப்பு காலைக் கடிக்கும். புண் சீழ் பிடிக்கும். நொண்டுகிறவன் வேலைக்கு ஆகான். வேலைக்கு ஆகாதவன் அடுத்த பொறுக்கலில் கழிக்கப்படுவான்.

1945 ஜனவரியில் சோவியத் சேனை நெருங்கியது. நாஜிகள் சுமார் 56,000 கைதிகளைக் கொட்டும் பனியில் மேற்கு நோக்கி நடத்தினர். ஐம்பது அறுபது கிலோமீட்டர் நடை. பின்தங்கியவரைச் சுட்டனர். நடந்து முடித்தவரைத் திறந்த வண்டிகளில் அடைத்து ஜெர்மனிக்கு அனுப்பினர்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலீ வீசல் அப்போது பதினாறு வயதுச் சிறுவர். காலில் அறுவை செய்துகொண்டு முகாம் மருத்துவமனையில் கிடந்தார். தங்கினால் கொன்றுவிடுவர் என அஞ்சித் தந்தையுடன் நடக்கத் துணிந்தார். தந்தையார் புகென்வால்டு முகாமில் உயிர்நீத்தார். மருத்துவமனையில் தங்கியவர்களையோ, ஜனவரி 27-ஆம் நாள் சோவியத் வீரர்கள் மீட்டனர். காய்ச்சலால் நடக்க இயலாது தங்கிய பிரீமோ லேவி என்னும் இத்தாலிய ரசாயனரும் அவ்வாறே பிழைத்தார். எது அறிவு, எது அறிவீனம் என்று அவ்வேளையில் எவரால் அறிந்திருக்க முடியும்? பிழைத்தவரைத் திறமைசாலி என்று புகழ்வது மாண்டவருக்குச் செய்யும் அநீதி என்றே நமக்குத் தோன்றுகிறது.

வேறு முகாம்களிலும் இக்கொடுமை நிகழ்ந்தது. கெர்டா வைஸ்மன் என்ற போலந்து யூத நங்கை, அவ்வாண்டு ஜனவரி இறுதியில் ஏராளமான பெண்களுடன் நடக்கத் தொடங்கினார். மே மாதம் செக் நாட்டில் நடை முடிந்தபோது மிகச் சிலரே எஞ்சினர். அவர் காலில் இருந்தவை பனிச்சறுக்கு விளையாட்டுக்குரிய கனத்த பூட்சுகள். 1942 ஜூன் மாதத்தில், தம்மை நாஜிகள் கொண்டுபோகுமுன், அவற்றையே அணியவேண்டும் என்று தந்தையார் வற்புறுத்தியிருந்தார். நல்ல வேனிற்காலம், மகளுக்குக் காரணம் விளங்கவில்லை. பனியில் தோழியரின் விரல்கள் உறைந்து கருகியபோது விளங்கிற்று.

அவர்களைக் கண்டெடுத்த அமெரிக்க அதிகாரியிடம், தாங்கள் யூதர்கள் என்று அப்பெண் எச்சரிக்கும் குரலில் கூறினார். தாமும் யூதரே என்றார் அதிகாரி. பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அப்பெண்ணை முன்னே செல்லுமாறு வேண்டினார். மறுஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.