வருமான வரி நியாயமா?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நான் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் கை வைக்க சர்க்காருக்கு என்ன உரிமை?" என்று நம்மில் கேட்காதவர் கிடையாது. மாதச் சம்பளக்காரருக்குப் பணம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்தாகிவிடுகிறது. நானும் சம்பளத்திலும், பிறகு பென்ஷனிலும் வரி கட்டி வருபவன்தான். இந்தக் கேள்வியின் சூடு எனக்குத் தெரியும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். உழைப்பின் வருமானத்துக்கு வரி போடுவது கட்டாய வேலை வாங்குவதற்கு ஒப்பானது என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சம்பாத்தியம் முழுவதும் நம் சாமர்த்தியம் மட்டும்தானா? நம்மில் பலர் குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் படித்தவர்கள். வழக்கென்றால் கோர்ட், திருட்டென்றால் போலீஸ், ஊர் விட்டு ஊர் போய் வேலை பார்க்க ரயில். இவையில்லாமல் சம்பளம் ஏது? ஆகவே வரி கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு என்பது என் அபிப்ராயம்.

முதலாவது, சம்மதம். 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பின் காலியான கஜானாவை நிரப்ப, ஜேம்ஸ் வில்சன் 1860-ல் இங்கே வருமான வரியைக் கொண்டு வந்தார். வருஷம் 200 ரூபாய் சம்பாதித்தவரும் கட்ட வேண்டியிருந்தது. அதை நிறைவேற்றிய சட்டக் கவுன்சிலில் இந்தியர் ஒருவர்கூட இல்லை. "புது வரி வேண்டாம், செலவைக் குறையுங்கள்" என்று சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் பகிரங்கமாக எதிர்த்தார். அதனாலேயே பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். இன்றோ அரசியல் சட்டத்தின் 265-வது ஷரத்துப்படி, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்க முடியாது. அந்தச் சட்டத்தைச் செய்பவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்.

இரண்டாவது, மிதம். 1973-74-ல் உச்ச விகிதம் சர்சார்ஜ் சேர்த்து 97.75 சதவிகிதம்! உச்சப் படியில் நூறு ரூபாய்க்கு மிஞ்சியது இரண்டேகால் ரூபாய். இத்தகைய உயர் விகிதமே வரி ஏய்ப்புக்குக் காரணம் என்று வாஞ்சூ கமிட்டி 1971-லேயே சொல்லியிருந்தது.

மூன்றாவது, சமநீதி. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி விதிக்க முடியாது. அது மாநில விஷயம். சிறு விவசாயிக்கு விலக்கு நியாயமே. பெரும் பண்ணைக்காரருக்கும் அதே விலக்கு, ஆபீஸ் ஊழியருக்கு மட்டும் பிடித்தம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சங்கடமானாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வீடு விற்கும்போது "பாதி செக், பாதி ரொக்கம்" என்றால் நம்மவர்களும் தலையாட்டுகிறோம். "ஊரே செய்கிறதே" என்று சமாதானம் வேறு. அந்த ரொக்கத்தின் சுமை, வருமானத்தை ஒளிக்க வழியில்லாத இன்னொரு சம்பளக்காரர் தலையில்தான் விழுகிறது. சர்க்காரிடம் கணக்குக் கேட்கும் தார்மீக உரிமையும் நம் கையை விட்டுப் போகிறது.

வரி அதிகமென்றால் எம்.பி.க்கு எழுதுவோம், கோர்ட்டுக்குப் போவோம், ஓட்டில் காட்டுவோம். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, கேட்க வேண்டியதை நிமிர்ந்து நின்று கேட்போம்.