சிதைந்த உலோகம் சொன்ன சாட்சி

ஆகாய விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து மறையுமாயின், நேர்ந்தது யாதெனக் கூற ஒருவரேனும் உயிருடன் எஞ்சாதிருத்தல் கூடும். அவ்வேளையில் சிதைந்த உலோகத் துண்டுகளே சாட்சிகளாகின்றன. அச்சாட்சிகளை விசாரிக்கும் முறையை உலகுக்கு உணர்த்தியது கொமெட் விமானத்தின் வரலாறாகும்.

பிரயாணிகளை ஏற்றிச் சேவையில் ஈடுபட்ட முதலாவது ஜெட் விமானமாகிய கொமெட், 1952ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி இலண்டனிலிருந்து யோகன்னஸ்பேர்க் நோக்கிப் புறப்பட்டது. அதே ஆண்டில் அதன் சேவை கொழும்பு வரை நீண்டது. 1954 ஜனவரி 10ஆம் திகதி, உரோமாபுரியிலிருந்து எழுந்த கொமெட் ஒன்று எல்பாத் தீவருகே வானிலேயே சிதறி வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். சேவை நிறுத்தப்பட்டது. தீயே காரணமாகலாம் என ஊகித்துப் பல திருத்தங்கள் செய்தனர். மார்ச் 23ஆம் திகதி கொமெட் மீண்டும் பறந்தது. பதினாறே நாட்கள் சென்றன. ஏப்ரல் 8ஆம் திகதி மற்றுமொரு கொமெட் இத்தாலியக் கடலில் வீழ்ந்து 21 பேர் உயிரிழந்தனர்.

ஊகத்தைத் திருத்தினார்களேயன்றிக் காரணத்தைத் திருத்தவில்லை.

இதன்பின் பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் சேர் ஆர்னல்ட் ஹோல் தலைமையில் ஆய்வு தொடங்கிற்று. உயரே பறக்கையில் விமானத்தினுள் காற்றழுத்தம் கூட்டப்படும், இறங்குகையில் குறைக்கப்படும். கம்பியொன்றை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது முறிவதுபோல, இவ்வேற்றத் தாழ்வும் உலோகத்தைச் சோர்வடையச் செய்யுமோ என ஆராய்ந்தனர். முழு விமான உடலொன்றை நீர்த்தொட்டியில் இட்டு, நீரை ஏற்றியும் இறக்கியும் அழுத்தத்தை மாற்றினர். முன்னர் பறந்தவற்றையும் சேர்த்து ஏறக்குறைய 3,000 பறப்புக்களுக்குச் சமமான நிலையில், திறப்பொன்றின் மூலையில் உடல் கிழிந்தது. எல்பாவருகே பிரித்தானியக் கடற்படை மீட்ட துண்டுகளிலும், கூரையிலிருந்த திறப்பொன்றின் அருகே அத்தகைய முறிவே காணப்பட்டது. தொட்டி கூறியதைக் கடலும் உறுதிப்படுத்திற்று.

அவ்விபத்துக்களை ஆராய்ந்தோருள் ஒருவரான அவுஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வொறன், விமானிகளின் உரையாடலையும் கருவிகளின் அளவுகளையும் பதியும் பெட்டியொன்றை அமைக்கலாம் என 1954இல் எடுத்துரைத்தார். இன்று கறுப்புப் பெட்டி என வழங்கப்படும் கருவிக்கு முன்னோடி அதுவே.

விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராது தடுத்தலே, பழி சுமத்துதலன்று. இதனைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பு விதித்துள்ளது. தண்டனைக்கு அஞ்சுவோர் உண்மையை மறைப்பர். மறைந்த உண்மையோ மீண்டும் உயிர்களைப் பலிகொள்ளும். மாண்டோரை மீட்டல் எவராலும் இயலாது. எனினும் அவர்தம் மரணத்தின் காரணத்தை ஐயமறக் கண்டறிதல், நாளை பறக்கவிருப்போருக்கு ஆற்றும் கடமையாகும்.