ஓசை வேறு, ஆணை வேறு

தங்கையின் திருமணத்திற்கென ஒரு மெட்டு அமைத்தேன். திருமுடிவாக்கத்தில் உள்ள என் இல்லத்தில், சின்தசைசரைக் கணினியோடு இணைத்து அதனைப் பதிந்தேன். வீட்டில் இனிதாக ஒலித்தது. கோப்பாக்கி மண்டபத்திற்குக் கொண்டு சென்றபோதோ மௌனமே மிஞ்சிற்று.

காரணம் யாது? 1983-இல் வழக்கிற்கு வந்த மிடி என்னும் முறை ஓசையைச் சுமப்பதன்று. எச்சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விடுதல் என்னும் ஆணைகளையே அது 16 தடங்களில் சுமந்து செல்கிறது. அஃது ஏட்டில் எழுதிய சுரக்குறிப்பை ஒத்தது. வீணையின் நாதம் அன்று. வீட்டில் அவ்வாணையைக் கேட்டுக் கருவியே வாசித்தது. மண்டபத்தில் கருவி ஏது?

ஆகவே ஆணைக்கு ஒரு கம்பியும் ஓசைக்கு மற்றொரு கம்பியும் வேண்டும். கருவியின் ‘லோக்கல்’ அமைப்பை நிறுத்துக. இன்றேல் வாசிக்கும்போது ஒரே சுரம் இருமுறை எழும். நாதத்தைத் திருத்தும் எடிட்டரும் பதிவு மென்பொருளும் ஒரே மிடி வாயிலை நாடுவதால், சில கணினிகளில் முந்தியது பிந்தியதை அடைத்துவிடும். எடிட்டரில் நாதத்தை அமைத்துச் சேமித்து, அதனை மூடியபின் பதிவைத் தொடங்குதல் நன்று.

ஓசைக் கம்பியையும் பூட்டி மீண்டும் பதிந்தேன். மறுவீடு வந்த தங்கை கேட்டுவிட்டு, “அன்றே ஒலித்திருக்கலாமே, அண்ணா!” என்றாள்.