பிரிவதா, சேர்ந்திருப்பதா? பிரித்தானிய வாக்கெடுப்பும் பலெர்மோத் தமிழரும்

(இத்தாலி, பலெர்மோ நகரில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பலெர்மோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இலண்டனில் உறவினர் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. பல்லாரோச் சந்தையை அண்டிய தெருக்களில் வாழ்வைத் தொடங்கி, பிறர் வீடுகளில் உழைத்து, பத்தாண்டுகள் காத்திருந்து இத்தாலியக் குடியுரிமை பெற்ற பலர், பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை எண்ணிப் பிரித்தானியாவுக்குப் பெயர்ந்தனர். அவர்களுக்கு அந்தப் பாதையைத் திறந்துவிட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையற்ற நடமாட்ட உரிமை. அந்தப் பாதையை மூடியது ஒரு வாக்கெடுப்பு. அதில் மக்கள் எவ்வாறு பிரிந்து நின்றனர், தமிழர் எங்கே நின்றனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

எண்கள் சொல்வது என்ன?

2016 ஜூன் 23ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில், ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என 51.9 விழுக்காட்டினரும், தொடர்ந்து இருக்க வேண்டும் என 48.1 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். வாக்களித்தோர் 72.2 விழுக்காட்டினர். இங்கிலாந்தும் வேல்சும் விலகலை விரும்பின. ஸ்கொட்லாந்தில் 62 விழுக்காட்டினரும், வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும், இலண்டன் மாநகரில் 59.9 விழுக்காட்டினரும் இருப்பதையே விரும்பினர். 1975இல் இதே வினா எழுந்தபோது மூன்றில் இரண்டு பங்கினர் இருப்போம் என்று சொல்லியிருந்தனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அகவையும் மக்களைப் பிரித்தது. வாக்கெடுப்பு நாளில் ஆஷ்குரொஃப்ட் பிரபு நடத்திய கருத்துக்கணிப்பின்படி, 18 முதல் 24 அகவை வரையிலானோரில் 73 விழுக்காட்டினர் இருப்பதற்கும், 65 அகவையைக் கடந்தோரில் 60 விழுக்காட்டினர் விலகுவதற்கும் வாக்களித்தனர். ஒரே வீட்டில் தந்தை ஒரு பக்கமும் மகள் மறு பக்கமும் நின்ற காலம் அது.

ஆசிய மரபினரில் மூன்றில் இரண்டு பங்கினர் இருப்பதற்கு வாக்களித்ததாக அதே கணிப்பு கூறியது. ஆயின், மூன்றில் ஒரு பங்கினர் விலகலை விரும்பினர் என்பதும் அதன் மறுபக்கம். தமிழர் செறிந்து வாழும் ஹரோவில் 54.6 விழுக்காட்டினர் இருப்பதை விரும்பினர். அதன் அயலிலுள்ள ஹில்லிங்டனிலோ 56.4 விழுக்காட்டினர் விலகலை விரும்பினர்.

ஒரே கூரையின் கீழ் மூவர்

எடுத்துக்காட்டாக, 2016இல் இலண்டனில் இருந்த ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். மைத்துனர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மேல்மாடி அறையில் தங்கியிருக்கும் மாணவர் இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர். பலெர்மோவிலிருந்து 2013இல் பெயர்ந்த தம்பி இத்தாலியக் கடவுச்சீட்டு உடையவர். இவர்களுள் யார் வாக்களிக்கலாம்?

மைத்துனர் வாக்களிக்கலாம். மாணவரும் வாக்களிக்கலாம். ஏனெனில், பிரித்தானியாவில் முறையாக வதியும் பொதுநலவாய நாடுகளின் குடிமக்களுக்கு வாக்குரிமை இருந்தது. இலங்கை பொதுநலவாய நாடு. தம்பிக்கு வாக்கு இல்லை. இலங்கைக் குடியுரிமையையும் முறைப்படித் தக்கவைத்திருந்தாலன்றி, இத்தாலியக் குடிமகனாகிய அவர் தம் சொந்த எதிர்காலம் எண்ணப்படும் நாளில் வேடிக்கை மட்டுமே பார்க்க முடிந்தது. யாரைப் பற்றிய வாக்கெடுப்போ, அவருக்கே அதில் வாக்கில்லை.

தமிழர் ஏன் பிரிந்து நின்றனர்?

விலகலை விரும்பிய தமிழரை அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது, அது நேர்மையாகாது. அவர்களுக்கு உண்மையான ஒரு மனக்குறை இருந்தது. 2012 முதல், பிரித்தானியக் குடியுரிமை பெற்ற ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து தம் மனைவியையோ கணவரையோ அழைக்க விரும்பினால், ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டியிருந்தது. இத்தாலியக் கடவுச்சீட்டுடன் வந்து அங்கு பணிபுரிந்தவருக்கோ ஐரோப்பியச் சட்டத்தின்படி அந்த நிபந்தனை இல்லை. இருபது ஆண்டுகள் வரி செலுத்தியவர் மனைவிக்காகக் காத்திருக்க, நேற்று வந்தவர் குடும்பத்தோடு வாழ்ந்தார். ஐரோப்பியருக்கான வாயில் அடைபட்டால் பொதுநலவாய நாட்டினருக்கான வாயில் அகலும் என்று சொல்லப்பட்டபோது, அதைப் பலர் நம்பினர்.

இருப்பதை விரும்பியோரின் காரணங்களும் வலுவானவை. ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சிதறி வாழ்வன. அவற்றை இணைத்த பாலம் ஒன்றியமே என அவர்கள் கருதினர். வேறு சிலர், விலகினால் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பாதுகாப்பும் போய்விடும் என அஞ்சினர். 2008இல் ஒரு தமிழரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்று பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிமன்றம் அது. ஆனால் அந்நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு உரியதன்று. ஐரோப்பிய அவைக்கு உரியது. விலகலுக்குப் பின்னரும் பிரித்தானியா அதன் எல்லைக்குள்தான் உள்ளது. இரு தரப்பிலும் தவறான புரிதல் கலந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

பின்னர் நிகழ்ந்தவை

2020 சனவரி 31இல் பிரித்தானியா விலகியது. அவ்வாண்டின் இறுதி நாளோடு தடையற்ற நடமாட்டமும் முடிவுற்றது. ஏற்கனவே அங்கு வாழ்ந்த ஐரோப்பியக் குடிமக்கள் 2021 ஜூன் 30க்குள் குடியமர்வு நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம் தேவைப்பட்டது.

வாயில் அகலும் என்று நம்பியோருக்கு நேர்ந்தது என்ன? துணைவரை அழைப்பதற்கான வருமான வரம்பு 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. முன்பு இத்தாலியருக்கு இல்லாத சுமை, புதிதாகச் செல்லும் இத்தாலியருக்கும் வந்தது. பிரித்தானியத் தமிழரின் சுமையோ குறையவில்லை. சமநிலை வந்தது உண்மை. அது இருவருக்கும் சுமை கூடிய சமநிலை. பலெர்மோவில் படித்து இங்கிலாந்தில் பட்டம் பெற விரும்பும் பிள்ளை, குடியமர்வு நிலை போன்ற உரிமை இல்லாவிடில், 2021 முதல் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தையே செலுத்த வேண்டும்.

சிசிலியின் பாடம்

இணைவதா, பிரிவதா என்ற வினா இந்தத் தீவுக்குப் புதியதன்று. 1860 அக்டோபர் 21இல் இத்தாலியோடு இணைவது பற்றிச் சிசிலியில் வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவை 432,053 வாக்குகள். இல்லை என்றவை 667 மட்டுமே. இத்தகைய ஒருமித்த முடிவை ஐயத்தோடு பார்த்தவர் பலெர்மோவில் பிறந்த எழுத்தாளர் தொமாசி தி லம்பெதூசா. 1958இல் வெளிவந்த அவருடைய 'இல் கத்தோபார்தோ' புதினத்தில், இல்லை என்று வாக்களித்த ஓர் எளிய மனிதனின் வாக்கு எண்ணிக்கையில் காணாமற் போகிறது. பிரித்தானியாவின் 48.1 விழுக்காடு தோற்றது, ஆனால் எண்ணப்பட்டது. கருத்து வேற்றுமை ஒரு நாட்டின் நோயன்று. வேற்றுமை மறைக்கப்படுவதே நோய்.

1943இல் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய பின், ஃபினொக்கியாரோ அப்ரிலே தலைமையில் சிசிலிப் பிரிவினை இயக்கம் வலுப்பெற்றது. முடிவில் தீவு பிரியவில்லை. 1946 மே 15இல் தன்னாட்சிச் சட்டம் கிடைத்தது. அதன்வழி அமைந்த சட்டமன்றம் இந்நகரின் நொர்மன் அரண்மனையில் இன்றும் கூடுகிறது. முழுமையாகப் பிரிவதற்கும் முழுமையாகக் கரைவதற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்கு அக்கட்டடம் சாட்சி.

இத்தாலியும் ஒருநாள் விலகுமோ என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. பன்னாட்டு ஒப்பந்தங்களை ஏற்கும் சட்டங்களைப் பொதுவாக்கெடுப்பால் நீக்க இயலாது என்கிறது இத்தாலிய அரசியலமைப்பின் 75ஆம் உறுப்புரை. விலகலையே பெயராகக் கொண்ட 'இத்தாலெக்சிட்' கட்சி 2022 தேர்தலில் ஓர் இடத்தையும் வெல்லவில்லை. ஆகவே உடனடி அச்சம் தேவையில்லை. கவனமின்மைக்கும் இடமில்லை.

செய்ய வேண்டியவை

இத்தாலியக் குடியுரிமைக்கான வதிவிடக் காலத்தைப் பத்திலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைக்க 2025 ஜூன் 8, 9ஆம் நாட்களில் இந்நாட்டில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் ஆம் என்றனர். ஆனால் வாக்களிக்கச் சென்றோர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே. பாதிப் பேர் வராததால் அது செல்லாமற் போனது. 'சொஜோர்னோ' புதுப்பிக்க வரிசையில் நிற்கும் தமிழருக்கு அன்று வாக்கில்லை. இத்தாலியக் குடியுரிமை பெற்ற தமிழருக்கு வாக்கு இருந்தது. அவர்கள் சென்றார்களா என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை மூன்று. முதலாவது, இங்கு பிறந்து 18 அகவை வரை இடைவிடாது வதிந்த பிள்ளை, அடுத்த ஓராண்டுக்குள் தன் விருப்பத்தை அறிவித்து இத்தாலியக் குடியுரிமை பெறலாம். எனவே வதிவிடப் பதிவில் இடைவெளி விழாமற் காக்க வேண்டும். இரண்டாவது, பிரித்தானியாவில் குடியமர்வு நிலை பெற்றுத் திரும்பியோர், தொடர்ந்து ஐந்தாண்டுகள் அந்நாட்டுக்கு வெளியே இருந்தால் அதை இழப்பர். மூன்றாவது, கடவுச்சீட்டு வானூர்தி ஏறுவதற்கான தாள் மட்டுமன்று. அது வாக்குச்சீட்டும் ஆகும்.

இளையோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. ஞாயிற்றுக்கிழமைகளில் சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாக மொன்டே பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரொசலியாவை வணங்கும் சமூகம் இது. அரசியற் கருத்தில் வேறுபட்டும் ஒரே மேசையில் உண்ண இச்சமூகத்தால் முடியும். உங்கள் பெற்றோர் பிறர் எடுத்த முடிவுகளுக்கேற்பத் தம் வாழ்வை மாற்றிக்கொண்டவர்கள். உங்களுக்கு வாக்கு உண்டு. எப்பக்கம் நிற்பது என்பதை ஆராய்ந்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் எண்ணப்படும் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.