கழுவெளியும் அதன் ஏரிகளும்

பூகோளம் கற்பிக்கையில் மாணாக்கரிடம் நான் ஆண்டுதோறும் கேட்ட வினா ஒன்றுண்டு: "திண்டிவனத்தில் பெய்யும் மழை எங்கே போகிறது?" "ஏரிக்கு" என்பார்கள். "ஏரி நிரம்பினால்?" என்பேன். பாடம் அங்கேதான் தொடங்கும்.

விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம், வானூர்ப் பகுதிகளில் ஏரிகள் சங்கிலித் தொடராய் அமைந்துள்ளன. வடகிழக்குப் பருவமழையில் மேலேரியின் கலங்கல் வழிந்து கீழேரியை நிரப்பும். முடிவில் அந்நீர் மரக்காணத்துக்குத் தெற்கே பரந்து கிடக்கும் கழுவெளியை அடையும். ஆழமற்ற அந்நீர்ப்பரப்பு வடக்கே ஓர் ஓடையாய் ஒடுங்கி, எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே வங்கக் கடலில் கலக்கிறது. கோடையில் நிலைமை மாறும். கடல்நீர் அவ்வோடை வழியே உள்ளேறும்.

இவ்விரு நீரையும் நம்பியே அங்கு வாழ்வு நடக்கிறது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன. மரக்காணத்து உவர்நிலத்தில் உப்பு விளைகிறது. 2021ஆம் ஆண்டில் அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஆயினும், சரணாலயத்தின் எல்லை வேறு. அதற்கு நீர் தரும் நிலத்தின் எல்லை வேறு. மேட்டு நிலத்து வரத்துக்கால்கள் தூர்ந்தால் கழுவெளிக்கு வரும் நன்னீர் குறையும், உவர் மேலேறும், அயலிலுள்ள கிணறுகளும் கரிக்கக்கூடும். ஆதலின், அடுத்த மழைக்கு முன்னர் உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்காலை ஒருமுறை நடந்து பாருங்கள்.