இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே?

இத்தாலிய மொழியில் ‘பார்லொ’ என்று முதல் அசையை அழுத்திச் சொன்னால், நான் பேசுகிறேன் என்று பொருள். அழுத்தத்தைக் கடைசிக்குக் கொண்டுபோய் ‘பர்லோ’ என்று சொல்லுங்கள், அவர் பேசினார் என்றாகிவிடும். ஆளும் மாறியது, காலமும் மாறியது. கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இடுவார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் குறி கிடையாது. காதைத்தான் நம்ப வேண்டும்.

அசை பிரிப்பது நமக்குச் சிரமமே இல்லை. உயிர்களுக்கு நடுவே ஒற்றை மெய் வந்தால் அது அடுத்த அசையோடு போகும்: ஆ-மொ, நேசிக்கிறேன். இரட்டித்தால் ஆளுக்கொன்று: லெஜ்-ஜொ, படிக்கிறேன். படம், பட்டம் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது புதிதா என்ன?

என் மனம் லயிப்பது ‘அவர்கள்’ வடிவத்தில்தான். பொதுவாக இத்தாலியச் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசையே அழுத்தம் பெறும். வாய்பாட்டில் நாம், நீங்கள் என்ற வரிகளும் அப்படியே: பர்லியாமொ, பர்லாதெ. அந்த ஓட்டத்தில் அடுத்த வரியையும் ‘பர்லானொ’ என்று படிக்கத் தோன்றும். சரியானது பார்லனொ.

என் வகுப்பில் ஒரு மாணவி, இத்தாலியின் பெரூஜா நகருக்கு மேற்படிப்புக்குப் போக இருந்தவர். ‘தொலைபேசியில் அழைக்கிறார்கள்’ என்பதற்கு ‘தெலெஃபொனானொ’ என்றே சொல்லிவந்தார். “அவர்களை விட்டுடுங்கம்மா, ‘அவர் அழைக்கிறார்’னு மட்டும் சொல்லுங்க” என்றேன். ‘தெலேஃபொன’ என்றார், பிசகில்லாமல். “அதை அப்படியே வச்சுக்கிட்டு, பின்னால ஒரு ‘னொ’ சேருங்க.” தெலேஃபொனனொ! நேயர்களே, நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தெ-லே-ஃபொ-ன-னொ. ஐந்து அசை, அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவதில்.

ஏன் இப்படி? லத்தீனில் ‘ஆமன்த்’, நேசிக்கிறார்கள். இரண்டே அசை, அழுத்தம் முதலில். இத்தாலியத்தில் அது ‘ஆமனொ’ ஆனபோது வாலில் ஓர் அசை கூடியது. அழுத்தமோ இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ‘போய்க்கொண்டிருந்தார்’ என்பதிலும் இதே கதைதான்: அந்தாவ, அந்தாவனொ.

நேரம் நெருங்கிவிட்டது. கடைசி எழுத்தில் கோட்டைக் கண்டால் அங்கே அழுத்துங்கள். நிகழ்காலத்தில் ‘அவர்’ வடிவம் ‘அ’வில் முடியும் பெரும்பாலான வினைகளில், அந்த வடிவத்தைச் சரியாகச் சொல்லி, அதோடு ‘னொ’ சேருங்கள். அடுத்த முறை ஓர் இத்தாலியப் படம் பார்க்கும்போது, வசனத்தின் வேகத்திலும் அந்த ‘அவர்கள்’ உங்கள் காதுக்குத் தனியே பிடிபடட்டும்.