நெசவாளர் வாழ்ந்த கல்வீடுகள்



பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரண்மனையும் கோட்டையும். இங்கிலாந்தின் பைபரி என்னும் சிற்றூரிலோ உழைப்பாளர் குடியிருந்த சிறு வீடுகளுக்கே அந்த மதிப்பு கிடைத்துள்ளது. ஆர்லிங்டன் ரோ என்பது அவ்வீட்டு வரிசையின் பெயர். அரசின் பாதுகாப்புப் பட்டியலில் அதற்கு முதல் தரம்.

14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காக எழுந்த அக்கட்டடத்தை 17ஆம் நூற்றாண்டில் தடுத்து, நெசவாளர் குடியிருப்பாக்கினார்கள். சுவர்கள் அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். கூரையும் கல்லே. மெல்லிய பலகைபோல் பிளந்த கற்களில் பெரியவற்றை இறவாரத்திலும், மேலே போகப்போகச் சிறியவற்றையும் அடுக்கியிருக்கிறார்கள். மழைநீர் தங்காதபடி கூரை செங்குத்தாகச் சரிகிறது. நெய்த துணியை எதிரிலுள்ள ஆற்றோரப் புல்வெளியில் சட்டங்களில் விரித்து உலர்த்தினார்கள்.

இன்று அவ்வீடுகளை நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. இன்றும் அங்கே அடுப்பெரிகிறது, மக்கள் குடியிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் சூலியா ஸ்திரீட்டில் நம் முன்னோரின் பெயர் இருக்கிறது. அவர்கள் புழங்கிய தெருவில் இப்போது வங்கிக் கோபுரங்கள் நிற்கின்றன. எஞ்சியுள்ள கடைவீடுகளின் படங்களையும் அளவுகளையும், அங்கு வாழ்ந்தோரின் நினைவுகளையும் நம் சங்கம் இப்போதே திரட்ட வேண்டும். நெசவாளர் வீடு காக்கத் தக்கதென்றால், நம் பாட்டனார் படுத்துறங்கிய கடைமாடியும் காக்கத் தக்கதே.